கட்டடத்தின் பாவனையை மாற்றியதில் கவுன்சிலோடு பிரச்சினையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ரியூஷன் வகுப்பு, சாப்பாட்டுக் கடை என்று நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கட்டடத்தை லீசுக்கு எடுத்து, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி, ஆட்களும் வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும்: இந்தக் கட்டடத்தை அனுமதியில்லாமல் வேறு பாவனைக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்று. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கும் அதுதான் நடந்தது. நாங்கள் எடுத்தது தெருக்கோடியில் இருந்த பழைய கம்பளக் கடை ஒன்றை. அனுமதி கையில் கிடைக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. அந்த அலைச்சலில் படித்ததும், பிறகு மற்றச் சங்கங்களுக்கு உதவப் போய்ப் படித்ததும்தான் இங்கே இருக்கிறது. எல்லாமே இங்கிலாந்துக்கு உரிய விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

கட்டடத்தில் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை, உள்ளே நடக்கிற வேலைதான் மாறியது. அதற்குமா பிளானிங் அனுமதி?

ஆம். 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி ஒரு கட்டடத்தின் பாவனையைக் கணிசமாக மாற்றுவதும் புதிதாகக் கட்டுவதைப் போல அனுமதி தேவைப்படுகிற காரியம்தான். அந்தக் "கணிசமாக" என்ற ஒரு சொல்லில்தான் பாதிச் சண்டை இருக்கிறது. வீட்டு முன்னறையில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அது இன்னும் வீடுதான். அதே வீட்டில் மூன்று அறையிலும் மேசை போட்டு, மணிக்கொரு தரம் இருபது பிள்ளைகள் வந்து போக, வாசலில் கார்கள் வரிசை கட்டினால், இது வீடு இல்லை என்று கவுன்சில் சொல்லும், மேன்முறையீட்டை விசாரிக்கிற பிளானிங் இன்ஸ்பெக்டரும் அநேகமாக அதையே சொல்வார். இத்தனை பிள்ளைகளுக்கு மேல் போனால் தப்பு என்று சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. அந்தந்த இடத்தின் நிலைமையைப் பார்த்து, மாற்றம் எவ்வளவு பெரியது என்று எடைபோடுகிறார்கள்.

எங்கள் கட்டடம் எந்த வகுப்பில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1987ஆம் ஆண்டு வந்த பாவனை வகுப்பு ஆணை ஒன்று இருக்கிறது. கட்டடங்களின் பாவனைகளை அது வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. ஒரே வகுப்புக்குள் மாறினால் அனுமதி தேவையில்லை, வகுப்பு தாண்டினால் பெரும்பாலும் தேவை. 2020 செப்டெம்பர் 1ஆம் தேதி இந்தப் பட்டியலைப் பெரிதாக மாற்றினார்கள். கடை, வங்கி, உணவகம், அலுவலகம், கிளினிக், ஜிம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் சேர்த்து ஈ (E) வகுப்பு என்று ஒரே கூடையில் போட்டார்கள். அதனால் துணிக்கடை இருந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் தோசைக்கடை போட இப்போது பாவனை மாற்ற அனுமதி வேண்டாம். ஆனால் கொத்துரொட்டி கட்டிக் கொடுப்பதே முக்கிய வியாபாரம் என்றால் அது சூடான உணவு டேக்அவே, எந்த வகுப்பிலும் சேராதது, அதற்கு அனுமதி எடுத்தே ஆக வேண்டும். உட்கார்ந்து மது குடிக்கிற பப், சினிமா, பந்தயக் கடை எல்லாம் அப்படித்தான். கல்யாண மண்டபத்தையும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம் ரியூஷன். "கடையும் அலுவலகமும் ஒரே வகுப்பு என்றால் வகுப்பறையும் அதுதானே" என்று நினைக்கிறார்கள். கல்வி எஃப்1 வகுப்பு. வழிபாட்டிடம், நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் அதே எஃப்1தான். ஆகவே கடையைத் தமிழ்ப் பள்ளியாக்கினால் ஈ வகுப்பிலிருந்து எஃப்1க்குத் தாவுகிறீர்கள், அனுமதி வேண்டும். நாங்கள் சறுக்கியதும் இங்கேதான். மறுபக்கம் பாருங்கள்: கைவிடப்பட்ட ஒரு சர்ச் கட்டடத்தைக் கோயிலாக்கினால் வகுப்பு மாறவே இல்லை. லண்டன் பிரிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1743இல் பிரெஞ்சுப் புரொட்டஸ்டன்ட் அகதிகள் சர்ச்சாகக் கட்டியது, 1898இல் யூதர்களின் ஜெபாலயமானது, 1976இல் பள்ளிவாசலானது. இன்றைய பட்டியலில் இந்த மூன்றுமே ஒரே எஃப்1தான். இடம் தேடுகிற கோயில் கமிட்டிகளிடம் நான் முதலில் சொல்வது, தொழிற்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடாதீர்கள், ஏற்கெனவே எஃப்1ஆக இருக்கிற கட்டடம் ஏதாவது வருகிறதா என்று ஒரு வருடம் காத்திருந்தாவது பாருங்கள் என்று.

ஒரு எச்சரிக்கை. கட்டடத்துக்கு முன்பு கொடுத்த அனுமதியில் "இந்தப் பாவனைக்கு மட்டும், அதே வகுப்பில் வேறு எதற்கும் அல்ல" என்று ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஒரே வகுப்புக்குள் மாறும் சலுகை உங்களுக்கு இல்லை. பழைய அனுமதிக் கடிதங்களைக் கவுன்சிலின் பிளானிங் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம்.

"இதுக்கு டி1 இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க" என்று ஏஜென்ட் சொன்னார். நம்பலாமா?

பள்ளி, வழிபாட்டிடம் போன்றவற்றுக்கு முன்பு இருந்த டி1 என்ற வகுப்பே இங்கிலாந்தில் 2020இல் போய்விட்டது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் லீசில் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால், பிளானிங் அனுமதி கிடைத்தால்தான் லீஸ் தொடங்கும் என்று ஒரு வரியைச் சட்டத்தரணியிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் நாங்கள் பிள்ளைகள் இல்லாத வெறும் மண்டபத்துக்கு ஐந்து மாத வாடகை கட்டினோம்.

விதிமீறலைக் கவனிக்கிற கவுன்சிலின் என்போர்ஸ்மென்ட் அதிகாரி வாசலில் வந்து நிற்கிறார். என்ன செய்வது?

உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். அனுமதியில்லாமல் பாவனையை மாற்றியது அந்த நேரத்தில் குற்றம் ஆகாது, பொலிஸ் வழக்கு ஒன்றும் இல்லை. பின்னால் அந்த மீறலைச் சரிசெய்யச் சொல்லும் என்போர்ஸ்மென்ட் நோட்டீஸ் கொடுத்து, அது அமலுக்கு வந்து, அதையும் மீறினால்தான் குற்றம். அப்போது நீதிமன்றம் விதிக்கிற அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது.

அதிகாரி வருவதற்கு அநேகமாக யாரோ முறைப்பாடு செய்திருப்பார்கள். யார் என்று அவர் சொல்ல மாட்டார், தோண்டிக் கேட்காதீர்கள். என்ன முறைப்பாடு என்று கேளுங்கள். சத்தமா, காரா, இரவு நேரமா? அவர் சொல்லும் பதிலை அன்றைக்கே எழுதிவையுங்கள். வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது அதில் தெரிந்துவிடும்.

சில நேரம் கேள்விகள் அடங்கிய நோட்டீஸ் ஒன்று வரும்: எப்போது தொடங்கினீர்கள், எத்தனை பேர், எந்த நாள், யார் உரிமையாளர் என்று. அதற்கு 21 நாளில் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவது குற்றம், பொய் எழுதுவது அதைவிடப் பெரிய குற்றம். "வாரத்தில் பத்துப் பேர்தான் வருவார்கள்" என்று எழுதிவிட்டு, உங்கள் முகநூல் பக்கத்தில் 200 பேர் நிற்கிற வாணி விழாப் படம் கிடந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் பல வருடமாக இப்படித்தான் நடத்துகிறோம். இப்போது வந்து கேட்க முடியுமா?

பத்து வருடம் இடைவிடாமல் அதே பாவனை நடந்திருந்தால் கவுன்சிலால் நடவடிக்கை எடுக்க முடியாது. முன்பு கட்டட வேலைகளுக்கும், தனி வீடாக மாற்றியதற்கும் நான்கு வருடம் என்று இருந்தது. 2024 ஏப்ரல் 25இலிருந்து எல்லாவற்றுக்கும் பத்துதான். அந்தத் தேதிக்கு முன்பே முடித்துவிட்ட கட்டட வேலைகளுக்கும், அதற்கு முன்பே தனி வீடாக மாற்றியதற்கும் மட்டும் பழைய நான்கு வருடக் கணக்கு இன்னும் செல்லும். கோயில், பள்ளி, கடை போன்றவற்றுக்கு எப்போதுமே பத்து வருடம்தான்.

பத்து வருடம் ஆகிவிட்டதென்று சும்மா இருந்துவிடாமல், சட்டபூர்வமான பாவனை என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இதில் பக்கத்து வீட்டார் விரும்புகிறார்களா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து வருடம் நடந்ததா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். வாடகை ரசீது, மின்சார பில், வியாபார வரி பில், தேதி போட்ட விழா அழைப்பிதழ், பிள்ளைகளின் வரவு இடாப்பு, பழைய ஆசிரியர்களின் சத்தியக் கடதாசி எல்லாம் சாட்சிதான். சத்தியக் கடதாசியில் "நெடுங்காலமாக நடக்கிறது" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. எந்த மாதம் தொடங்கியது, எந்த அறையில், வாரத்தில் எத்தனை நாள் என்று துல்லியமாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்வது தெளிவாக இருந்து, அதற்கு எதிராகக் கவுன்சிலிடம் எதுவும் இல்லை என்றால், உங்கள் வாய்மொழிக்கு வேறு ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதைத் தள்ளிவிட முடியாது. நீதிமன்றம் எப்போதோ சொல்லிவைத்த விஷயம் இது.

நடுவில் ஒரு வருடம் வேறு எதற்கோ பயன்படுத்தியிருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஏமாற்றி மறைத்தாலும் பலிக்காது. வெல்வின் ஹற்பீல்டில் ஒருவர் வைக்கோல் களஞ்சியம் என்று அனுமதி வாங்கி, வெளியே களஞ்சியம் மாதிரியே வைத்து, உள்ளே வீடு கட்டிக் குடியிருந்தார். நான்கு வருடம் முடிந்ததும் சான்றிதழ் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல், ஏமாற்றிச் சம்பாதித்த காலக் கணக்கின் பலன் உனக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது.

நடந்தது நடந்துவிட்டது. இப்போது அனுமதி கேட்டால் தருவார்களா, அல்லது தண்டனையாக மறுப்பார்களா?

கேட்கலாம், சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. முதலில் கேட்காதது பிழை என்ற ஒன்றை மட்டும் வைத்து மறுப்பதற்கில்லை, பாவனை அந்த இடத்துக்குப் பொருந்துமா என்றுதான் பார்க்க வேண்டும். பாவனை மாற்ற விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 588 பவுண். முடிவுக்குச் சாதாரணமாக 8 வாரம் என்று கணக்கு, பெரிய திட்டத்துக்கு 13.

ஆனால் அவசரப்பட்டு அரைகுறையாகப் போடாதீர்கள். 2024 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இப்படிப் பின்னால் அனுமதி கேட்டு மறுக்கப்பட்டால், பின்னர் என்போர்ஸ்மென்ட் நோட்டீசுக்கு எதிராகப் போகும்போது "இதற்கு அனுமதி கொடுக்க வேண்டும்" என்ற வாதம் உங்களுக்கு அடைபட்டுப் போகலாம். முன்பு இரண்டு கதவு இருந்தது, இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். முன்பெல்லாம் மறுத்தால் ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் இன்னொரு தரம் போடலாம். அதையும் 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

தெருவே திரண்டு எதிர்ப்புக் கடிதம் எழுதுகிறது. நாங்களும் ஆயிரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் சமன் ஆகிவிடுமா?

ஆகாது. நாங்கள் வாங்கினோம், 1,100 கையெழுத்து. மூன்று வார இறுதி, கடை வாசலிலும் கோயில் வாசலிலும் நின்று வாங்கியது. அதிகாரியின் அறிக்கையில் அதற்குக் கிடைத்த இடம் ஒரே வரி: "ஆதரவு மனு ஒன்று பெறப்பட்டது." அதற்குக் கீழே, தெருவிலிருந்து வந்த ஒன்பது கடிதங்களுக்கு ஒன்றரைப் பக்கம். எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது. பிறகு அந்த ஒன்பதையும் நிதானமாகப் படித்தபோது புரிந்தது. எங்கள் கையெழுத்துக்காரர்களில் பாதிப்பேர் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை. அந்த ஒன்பது பேரும் எத்தனை மணிக்கு, எந்த வாசலில், என்ன நடந்தது என்று எழுதியிருந்தார்கள்.

கவுன்சில் எடைபோடக்கூடிய விஷயங்கள் என்று உண்டு: சத்தம், போக்குவரத்து, கார் நிறுத்துமிடம், நடக்கும் நேரம், மணம், அயலாரின் நிம்மதி, உள்ளூர்த் திட்டத்தில் எழுதியிருப்பது. எடைபோடக் கூடாதவையும் உண்டு: வீட்டு விலை குறையும் என்பது, பக்கத்துக் கடைக்குப் போட்டி வரும் என்பது, யார் வருகிறார்கள் என்பது. "இந்த ஆட்கள் எங்களுக்கு வேண்டாம்" என்கிற மாதிரி எழுதப்பட்ட கடிதத்தைக் கவுன்சில் கணக்கில் எடுக்கவே முடியாது. அப்படி ஒன்று வந்தால் அதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காமல், கார் பற்றி எழுதியவருக்குப் பதில் தயார் செய்யுங்கள்.

மறுப்புக்குக் காரணம் பார்க்கிங் என்று போட்டிருக்கிறார்கள். இதை எப்படித்தான் தீர்ப்பது?

நம்முடைய ஆட்களுக்கு வருகிற மறுப்புகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"எல்லோரும் பஸ்ஸில்தான் வருவார்கள்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணிக் காட்ட வேண்டும். லண்டனில் லாம்பெத் முறை என்று ஒரு கணக்கெடுப்பு பல கவுன்சில்களில் செல்லுபடியாகிறது: கட்டடத்திலிருந்து குறிப்பிட்ட நடை தூரத்துக்குள் (குடியிருப்பு என்றால் 200 மீட்டர்) இருக்கிற தெருக்களில் சட்டப்படி நிறுத்தக்கூடிய இடம் எவ்வளவு, 5 மீட்டருக்கு ஒரு கார் என்று அளந்து, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது. குடியிருப்புக்கு நடு இரவில் எண்ணுவார்கள். பள்ளி, கோயிலுக்கு அவை நடக்கிற நேரத்தில் எண்ண வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்தத் தெருக்கள் என்று முதலே அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டுச் சம்மதம் வாங்கிவிட்டு எண்ணினால், பிறகு "இது சரியான கணக்கு இல்லை" என்று அவரால் சொல்ல முடியாது. உங்கள் இடத்துக்குப் பொதுப் போக்குவரத்து வசதி எவ்வளவு என்பதற்கு லண்டன் போக்குவரத்துத் துறை 0 முதல் 6பி வரை ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம், அதையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

நாங்கள் மூன்று சனிக்கிழமை எண்ணினோம். காலை எட்டரைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் நடந்து, கால்மணிக்கு ஒரு தரம் எழுதினார்கள். தாளைப் பார்த்தால் விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. எட்டே முக்கால் வரை தெருவில் தாராளமாக இடம் இருந்தது. ஒன்பதுக்கும் ஒன்பதே காலுக்கும் நடுவில் தெரு நிரம்பி வழிந்தது. ஒன்பதரைக்கு மறுபடி காலி. ஆக, நாள் முழுக்க இடம் பற்றாமல் இல்லை, எல்லா வகுப்பையும் ஒன்பது மணிக்கே தொடங்கியதுதான் பிரச்சினை. சின்ன வகுப்பு ஒன்பதுக்கு, நடு வகுப்பு ஒன்பதரைக்கு, பெரிய வகுப்பு பத்துக்கு என்று பிரித்தோம். நான்கு நிமிட நடையில் இருந்த சர்ச் ஒன்று சனிக்கிழமைகளில் தன் கார் பார்க்கைத் தர எழுத்தில் சம்மதித்தது. பிறகு மறுபடி எண்ணினோம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாவது விண்ணப்பத்தில் இணைத்தோம்.

மறுப்பு வந்துவிட்டது. அப்பீல் போவதா, திரும்ப விண்ணப்பிப்பதா?

மறுப்புக் கடிதத்தில் இருக்கிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதை என்னால் சரிசெய்ய முடியுமா, அல்லது கவுன்சில் பிழையாக முடிவெடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். சரிசெய்யக்கூடியது என்றால் திரும்ப விண்ணப்பியுங்கள், கட்டணம் போனாலும் பரவாயில்லை. எங்கள் கடிதத்தில் இரண்டு காரணம், காரும் சத்தமும், இரண்டும் எங்கள் கையில் இருந்தவை, அதனால் அப்பீல் போகவில்லை. கவுன்சில் உங்கள் ஆதாரத்தைக் கவனிக்கவே இல்லை, அல்லது அதிகாரி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தும் கவுன்சிலர்களின் பிளானிங் கமிட்டி தகுந்த காரணமின்றி மறுத்தது என்றால் மேன்முறையீடு செய்யுங்கள்.

மேன்முறையீடு பிரிஸ்டலில் இருக்கிற பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகும். முடிவுத் தேதியிலிருந்து 6 மாதம் அவகாசம். இதே விஷயத்தில் என்போர்ஸ்மென்ட் நோட்டீசும் வந்திருந்தால் 28 நாள்தான் இருக்கும், கவனம். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் எழுத்து மூலமாகவே நடக்கும், இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். அவர் இடம் பார்க்க வரும்போது வாதாடக் கூடாது, கேட்டதைக் காட்ட மட்டும் செய்யலாம். ஒரு பக்கம் நியாயமில்லாமல் நடந்து மற்றப் பக்கத்துக்கு வீண் செலவு வைத்தால் அந்தச் செலவைக் கட்டச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இது உங்களுக்கும் பொருந்தும்.

கவுன்சில் பதிலே தராமல் இழுத்தடித்தாலும் முடிவு வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

என்போர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்துவிட்டது. இனி மூடத்தான் வேண்டுமா?

உடனே மூடத் தேவையில்லை, ஆனால் இன்றைக்கே கடிதத்தைப் பிரித்துத் தேதியைப் பாருங்கள். நோட்டீசில் அது அமலுக்கு வரும் நாள் எழுதியிருக்கும், குறைந்தது 28 நாள் தள்ளி. அந்த நாளுக்கு முன்பே மேன்முறையீடு இன்ஸ்பெக்டரேட்டின் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முடிந்தது, யார் காலைப் பிடித்தும் பயனில்லை. ஒரு கோயில் கமிட்டியில் செயலாளர் ஊருக்குப் போயிருந்தார், கடிதம் அவர் வீட்டு மேசையில் ஐந்து வாரம் கிடந்தது. அவர்கள் அந்தக் கட்டடத்தை விட்டே போக வேண்டி வந்தது.

நேரத்துக்கு மேன்முறையீடு போட்டால், அது முடியும் வரை நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்படும். வாதங்கள் ஏழு. இதற்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்பது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது, நடந்தது மீறலே இல்லை என்பது, காலக்கெடு கடந்துவிட்டது என்பது, நோட்டீசை முறையாகக் கொடுக்கவில்லை என்பது, செய்யச் சொல்வது அளவுக்கு மிஞ்சியது என்பது, கொடுத்த அவகாசம் போதாது என்பது. பொருந்துகிற எல்லாவற்றையும் போடலாம். முதல் வாதத்துக்கு மட்டும் விண்ணப்பக் கட்டணத்தின் இரண்டு மடங்கைக் கவுன்சிலுக்குக் கட்ட வேண்டும். கடைசி வாதத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். மற்ற எல்லாம் தோற்றாலும், "மூன்று மாதத்தில் வேறு இடம் கிடைக்காது, ஒரு வருடம் தாருங்கள்" என்பதில் வென்றால் பள்ளி தெருவில் நிற்காது.

இது எங்கள் வழிபாட்டு உரிமை. மனித உரிமை என்று வழக்குப் போட்டால் என்ன?

உரிமை உண்டு, சமத்துவச் சட்டப்படி கவுன்சில் அதை மனதில் வைக்கவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹார்ட்ஃபர்ட்ஷயரில் லெட்ச்மோர் ஹீத் என்ற சின்னக் கிராமத்தில் இருக்கிற பக்திவேதாந்த மேனர் கதையைப் பாருங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கு வாங்கிக் கொடுத்த மாளிகை அது. கிருஷ்ண ஜெயந்திக்கு ஆயிரக்கணக்கில் பக்தர்கள் வர, ஒடுக்கமான கிராமத் தெருவில் கார்கள் நெரிந்தன. சமயக் கல்லூரியாக இருக்க வேண்டிய இடம் பொதுக் கோயிலாகிவிட்டது என்று கவுன்சில் என்போர்ஸ்மென்ட் நோட்டீஸ் கொடுத்தது. மேன்முறையீடு தோற்றது. ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போனார்கள், 1994இல் அங்கேயும் தோற்றார்கள். பெரிய ஊர்வலங்கள் நடந்தன. கடைசியில் 1996இல் சுற்றாடல் அமைச்சராக இருந்த ஜான் கம்மர் அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியோடு வந்தது, கிராமத்துக்குள் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போக ஒரு புதிய பாதை. ஊர்வலமும் மக்கள் ஆதரவும் வீண் என்று நான் சொல்லவில்லை, அவை இல்லாமல் அமைச்சர் வரை விஷயம் போயிருக்காது. ஆனாலும் கிராமத்தாரின் முறைப்பாட்டுக்குப் பதிலாக இருந்தது அந்தப் பாதைதான்.

அனுமதி கிடைத்தது, ஆனால் நிபந்தனைகள் கழுத்தை நெரிக்கின்றன.

மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாறும் வரை மீறாதீர்கள். நிபந்தனை மீறல் நோட்டீஸ் ஒன்று வந்தால் அதற்கு மேன்முறையீடே கிடையாது. ஒரு வருடம் ஒழுங்காக நடத்தி, முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டுக் கேட்டால் நேரத்தைக் கூட்டித் தருவார்கள். எங்களுக்கு மாலை ஆறு மணி எட்டு மணியானது அப்படித்தான்.

நான் மறுபக்கம். என் வீட்டுக்குப் பக்கத்தில் டேக்அவே வரப் போகிறது, எப்படித் தடுப்பது?

21 நாளுக்குள் உங்கள் ஆட்சேபணையை எழுதுங்கள். புகைபோக்கி உங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து எத்தனை அடி, எத்தனை மணி வரை திறப்பார்கள், குப்பைத் தொட்டி எங்கே என்று எழுதுங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் சொன்னால் விஷயத்தைக் கமிட்டிக்கு எடுக்கக் கேட்பார், அங்கே சில நிமிடம் பேசவும் விடுவார்கள். ஆனால் அனுமதி கொடுத்துவிட்டால் அயலாருக்கு மேன்முறையீட்டு உரிமை கிடையாது. முடிவு எடுத்த விதத்தில் சட்டப் பிழை இருந்தால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், செலவு கூடியது. உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அவர் கவுன்சில் நடந்துகொண்ட முறையைப் பார்ப்பார், அனுமதியை நீக்க மாட்டார்.

பிளானிங் கிடைத்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. கட்டட ஒழுங்குவிதிகளும் தீப்பாதுகாப்பும் தனி, மது விற்கவும் இரவில் சூடான சாப்பாடு விற்கவும் லைசென்ஸ் தனி, லீஸ் தனி. காணிப் பத்திரத்தில் இந்தக் கட்டடத்தை இன்னதற்குப் பாவிக்கக் கூடாது என்று பழைய தடை ஏதாவது இருந்தால் அதைப் பிளானிங் அனுமதி அழிக்காது.

சட்டத்தரணி கட்டாயமா?

விண்ணப்பத்துக்குத் தேவையில்லை, நல்ல பிளானிங் ஆலோசகர் ஒருவர் போதும். என்போர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் யாரையாவது பிடியுங்கள். பணம் இல்லாத சங்கங்கள் பிளானிங் எய்ட் இங்கிலாந்து என்ற அமைப்பைக் கேட்டுப் பாருங்கள், இலவச ஆலோசனை தருகிறார்கள்.

பக்கத்து வீட்டாரோடு நேரில் பேசலாமா, அது வழக்கைக் கெடுக்காதா?

கெடுக்காது, பேசுங்கள். நாங்கள் பேசியது மிகவும் பிந்தித்தான். ஒன்பது கடிதத்தில் ஒன்று எதிர்வீட்டு வயதான அம்மா எழுதியது. ஒரு சனிக்கிழமை அவருடைய கணவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வந்த வண்டி, எங்கள் பெற்றோர் ஒருவரின் கார் வாசலை மறித்து நின்றதால் பத்து நிமிடம் உள்ளே வர முடியாமல் தெருவில் நின்றிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தலைவரும் நானும் போய்க் கதவைத் தட்டினோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் தரவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை, வாசலில் நின்றபடியே ஆஸ்பத்திரி நாட்கள் எவை என்று சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து எட்டரைக்கே மஞ்சள் சட்டை போட்ட ஒரு அப்பா அந்த வாசலில் இரண்டு கூம்பு வைத்துவிட்டு, கடைசிப் பிள்ளை உள்ளே போகும் வரை அங்கேயே நிற்பார். இரண்டாவது விண்ணப்பத்துக்கும் அந்த அம்மா ஒரு கடிதம் எழுதினார். கவுன்சில் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது, இரண்டே வரி: சனிக்கிழமைகளில் என் வாசல் இப்போது திறந்திருக்கிறது, எனக்கு ஆட்சேபணை இல்லை.